பதினொன்றும் பதினான்கும்

வினேதா எழுதியது பதினொரு லாரி.
அவள் நோட்டில் இன்றும் இருக்கிறது, நீல மையில்,
பனியில் நட்ட இரண்டு கம்பங்கள் மாதிரி
ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

பதினான்கு ஆக்கியவன் நான்.
அதற்கு முந்தின நிமிடம்தான்
வானிலைக் கட்டத்தில் மைனஸ் பதினான்கு போட்டிருந்தேன்.
விரலில் ஒட்டிய குளிர்
அப்படியே முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது.
மணி பதினொன்றே முக்கால், அச்சகத்திலிருந்து மூன்றாவது போன்.
இதெல்லாம் காரணம். சமாதானம் இல்லை.

மற்றதெல்லாம் சரி.
சாலைக்கு உப்பு வாங்கியதாகப் போட்ட ரசீது சரி.
உப்பென்று எழுதி மணலைக் கொட்டியது சரி.
துணைமேயர் இந்துலிஸின் மைத்துனர் பதிவு செய்த கம்பெனி
நாய்களுக்கு முடிவெட்டும் கடையின் மாடியில் இருந்ததும் சரி.
தௌகாவா ஆற்று வளைவில்
ஆம்புலன்ஸ் வழுக்கி டிரைவர் ரைதிஸ் செத்துப்போனதில்
திருத்த ஓர் எழுத்துமில்லை.

மூன்று மாதம் அலைந்திருந்தாள் அவள்.
எடைமேடைக் காவலாளிக்கு சிகரெட் வாங்கிக் கொடுத்து,
கிடங்குக்கு எதிரே காருக்குள் கம்பளியோடு விடியவைத்து.

இந்துலிஸ் டிவியில் வந்தார்.
மணலைப் பற்றி மூச்சுவிடவில்லை.
செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல
எங்கள் பத்திரிகையை இரண்டு விரலால் தூக்கினார்.
"பதினான்காம்! எண்ணத் தெரியாதவர்கள்
எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள்."

அவ்வளவுதான்.
பேக்கரியில், "பதினொரு பன் கொடு,
பத்திரிகைக் கணக்கில் பதினான்கு."
பஸ்ஸில், முடிதிருத்தகத்தில், தேவாலயப் படியில்
அதே சிரிப்பு சில்லறைபோலக் கை மாறியது.
ரைதிஸின் மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடையிலும்
யாரோ சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.
மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள்
நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

திருத்தம் இரண்டாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே.
அதைக் கோத்ததும் நான்தான்.
யார் தவறு என்று ஆசிரியர் குந்தார்ஸ் கேட்டபோது
வினேதா என் பக்கம் திரும்பவேயில்லை.
"என் செய்தி, என் பெயர்" என்றாள்.
நான் மேசை விளக்கின் வயரைச்
சரிசெய்துகொண்டிருந்தேன். அதில் கோளாறே இல்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
எங்கள் ஊருக்கு உப்பே வந்து சேரவில்லை.
தின்றவனுக்குத் தாகமும் எடுக்கவில்லை.

ஏப்ரலில் பனி இறங்கியது.
குளிர்காலம் முழுக்க மூடிவைத்ததை எல்லாம்
போகிற போக்கில் தெருவில் போட்டுவிட்டுப் போனது.
சாக்கடை ஓரம், பள்ளி வாசல், மருத்துவமனை ஏற்றம்,
எங்கு பார்த்தாலும் மஞ்சளாக மணல்.

ஒரு பெண் வந்து ஜாம் பாட்டிலை மேசையில் வைத்தாள்.
லேபிளில் தெருப் பெயர், தேதி.
பேசாமல் போனாள்.
மறுநாள் ஊறுகாய் வெள்ளரி பாட்டில் ஒன்று,
மூடி பொருந்தாத காப்பி டப்பா ஒன்று.
மன்னிப்பு யாரும் கேட்கவில்லை,
சொன்ன ஜோக்கைத் திரும்ப வாங்கவுமில்லை.
பன் ஜோக் சொன்ன பேக்கரிக்காரரே இரண்டு பாட்டில் கொடுத்தார்,
மாவு ஒட்டிய கையோடு.

ஒருநாள் எல்லோரும் போனபின்
ஆற்று வளைவு என்று எழுதியிருந்த பாட்டிலைத் திறந்து
ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன்.
பல்லில் நறநறத்தது.
உப்பு இல்லை.

வினேதா அடுத்த செய்தியில் இருக்கிறாள்.
"அந்த நாலு என்னுடையது" என்றேன்.
"தெரியும்" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"எத்தனை பாட்டில்?"

ஜன்னல் மேடையில் ஆரம்பித்தேன்,
ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு.
முப்பத்தேழு வரை வந்திருந்தேன்.
வாசல் மணி அடித்தது.